டச்சுப் படை ஆட்டத்தில் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை திருத்தும் வழி

கணினிப் போர் ஆட்டங்களில் பசிபிக் போரை வைத்து சினாரியோ (போர்க்களக் கோப்பு) கட்டுகிறவர்கள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள். டச்சுக் கிழக்கிந்தியா (இன்றைய இந்தோனேசியா) என்று வந்ததும் ஒரு பிரிட்டிஷ் க்ரூசரையோ அமெரிக்க நீர்மூழ்கியையோ நகலெடுத்து, பெயரை மாற்றி, எண்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆட்டம் ஓடத்தான் செய்யும். 1942 பிப்ரவரி வரும்போதுதான் இடிக்கும். டி ராய்ட்டர் என்ற டச்சு க்ரூசர் ஜப்பானியக் கனரக க்ரூசர்களை விரட்டிக்கொண்டு போகும். சுரபாயாவில் அடிபட்ட கப்பல் புதுசாக வெளியே வரும். ஜாவா ஜூன் மாதம் வரை நிற்கும். இல்லையென்றால் எல்லாமே ஜனவரியோடு முடிந்துபோகும்.

எடிட்டர் (சினாரியோவைத் திருத்தும் கருவி) திறந்திருக்கிற எந்தக் கடற்போர் ஆட்டத்துக்கும் இந்த வழிமுறை பொருந்தும். ஃபீல்டுகளின் பெயர் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டச்சுப் பக்கம் கோளாறு என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது பீரங்கி எண்களில். அங்கே பிழை இருப்பது குறைவு. பிழை பெரும்பாலும் கப்பலுக்குப் பின்னால் இருக்கிறது: உலர்துறை (கப்பலை நீருக்கு வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் இடம்), உதிரிபாகம், மாற்று விமானம், மாற்று ஆள், சிக்னல். நெதர்லாந்து 1940 மே மாதமே ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் இந்தக் கடற்படைக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு ஆணி கூட வராது. காசு கொடுத்து அமெரிக்காவில் வாங்கியதும் கையில் ஏற்கெனவே இருந்ததும்தான் மொத்தச் சொத்து. இந்த நிலைமையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பாதி அறிகுறிகள் தானாகப் போய்விடும்.

திருத்துவதற்கு முன்னால்

இரு பக்கத்தையும் ஏஐ-யிடம் கொடுத்துவிட்டு சினாரியோவை மார்ச் நடுப்பகுதி வரை சில முறை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்த இடம் எந்தத் தேதியில் விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டிய நாட்காட்டி இதுதான்: மெனாடோ, தாரகன் ஜனவரி 11–12, பாலிக்பாப்பன், கெண்டாரி ஜனவரி 24, அம்போன் பிப்ரவரி 3-க்குள், பலெம்பாங் பிப்ரவரி 14–15, பாலி 19, திமோர் 20, ஜாவாக் கடல் சண்டை 27, ஜாவாவில் தரையிறக்கம் மார்ச் 1, ஜாவாவின் களிஜாத்தியில் டச்சுச் சரணடைவு மார்ச் 8.

ஒரு வாரம் முன்னே பின்னே போனால் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் தள்ளினால் எந்த இடத்தில் தள்ளத் தொடங்கியது என்று பாருங்கள். தாரகனிலேயே தாமதம் என்றால் தரைப்படையில் கோளாறு. பலெம்பாங் வரை சரியாக வந்து, ஜாவாவில் மட்டும் இழுத்தால் கடற்படையிலோ விமானத்திலோ கோளாறு.

அறிகுறி: போர் தொடங்கும் நாளில் டச்சுப் படை அசையவே இல்லை

இது சின்ன விஷயம். பேர்ல் ஹார்பருக்குப் போட்ட 'எதிர்பாராத தாக்குதல்' விதியை நேச நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள். டச்சுக்காரர்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே படைகளைத் திரட்டி வைத்திருந்தார்கள்; டிசம்பர் 8 அன்றே ஜப்பான் மீது போர் அறிவித்தார்கள். நீர்மூழ்கிகளும் தேடுதல் விமானங்களும் முதல் சுற்றிலேயே தங்கள் இடத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: நிகழ்வுகள் தவறான கப்பலில் போய் ஒட்டுகின்றன

ஜாவா ஒரு தீவு, ஒரு க்ரூசரும் கூட. சுமத்ராவும் அப்படியே. சுரபாயா ஒரு துறைமுகம். அதே பெயரில் ஒரு பழைய கடலோரக் காவல் கப்பலும் உண்டு. உங்கள் நிகழ்வுக் கோப்பு பெயரை வைத்துத் தேடுகிறது என்றால் சிக்கல் நிச்சயம். எண் அடையாளத்தை வைத்தே தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் வான் ஹாலென். அட்மிரல் வகை நாசகாரிகள் எட்டு கட்டப்பட்டன. ஆனால் 1941 டிசம்பரில் கிழக்கிந்தியாவில் இருந்தவை ஏழு. எட்டாவதான வான் ஹாலென் 1940 மே மாதம் ராட்டர்டாமில் மூழ்கிவிட்டது. 1942-இல் அதே பெயரில் வருவது பிரிட்டன் கொடுத்த என் (N) வகை நாசகாரி. பலருடைய சினாரியோவில் செத்த கப்பல் சுரபாயாவில் நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீர்மூழ்கிகளில் கே வரிசைக்கு ரோமன் எண், ஓ வரிசைக்குச் சாதாரண எண். எடிட்டர் அகரவரிசையில் அடுக்கும்போது கே-9 (K IX) முதலில் வந்து கே-7 (K VII) அதற்குக் கீழே போகும். வரிசையை நம்பி மொத்தமாக ஒட்டினால் ஒன்றின் தளபதி இன்னொன்றுக்குப் போய்விடுவார்.

அறிகுறி: டி ராய்ட்டரும் ஜாவாவும் ஜப்பானியக் கனரக க்ரூசர்களான நாச்சியையும் ஹகுரோவையும் மூழ்கடிக்கின்றன

இதுதான் அதிகம் கேட்கிற புகார். இதற்குக் காரணம் ஒன்றல்ல, நான்கைந்து, ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் பீரங்கிகளின் கோணம். ஜாவா க்ரூசரில் 150 மி.மீ. பீரங்கிகள் பத்து. கப்பல் பதிவில் பத்து என்று போட்டுவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அவை தனித்தனியாக, கேடயம் மட்டும் வைத்து, கப்பலின் இரு ஓரமும் நடுவிலுமாகப் பரவி நிற்பவை. ஒரு பக்கம் பார்த்துச் சுடும்போது ஏழுதான் சுட முடியும். டி ராய்ட்டரிலும் மொத்தம் ஏழுதான், ஆனால் நடுக்கோட்டில் இருப்பதால் ஏழும் ஒரே பக்கம் திரும்பும். அதாவது 1925-இல் பணிக்கு வந்த கப்பலும் 1936-இல் வந்த கப்பலும் ஒரு பக்கச் சுடுதிறனில் சமம். எடிட்டரில் முன், பின், இடம், வலம் என்று பீரங்கிகளைப் பிரித்துப் போடும் வசதி இருந்தால் ஜாவாவின் பத்தையும் அப்படிப் பிரித்துப் போடுங்கள்.

எதிரே நிற்கிற நாச்சிக்கும் ஹகுரோவுக்கும் தலா பத்து 203 மி.மீ. பீரங்கி. அதோடு 610 மி.மீ. டார்பிடோ. டி ராய்ட்டரிலும் ஜாவாவிலும் டார்பிடோக் குழாயே கிடையாது. டச்சு க்ரூசர்களில் டார்பிடோ வைத்திருந்தது டிராம்ப் ஒன்றுதான், ஆறு குழாய். பிரிட்டிஷ் க்ரூசர் வார்ப்பை (மாதிரிக் கோப்பை) நகலெடுத்தவர்களின் கோப்பில் டி ராய்ட்டருக்கு ஆறு டார்பிடோ ஒட்டிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

அடுத்தது அணி ஒருங்கிணைப்பு. பிப்ரவரி 27 மாலை ரியர் அட்மிரல் காரெல் டோர்மன் நடத்திய அணியில் நான்கு நாட்டுக் கப்பல்கள்: டச்சு, பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலிய. ஐந்து க்ரூசர், ஒன்பது நாசகாரி. சேர்ந்து பயிற்சி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. பொதுவான சிக்னல் புத்தகமும் இல்லை. டோர்மனின் உத்தரவுகள் ஆங்கிலமாக்கப்பட்டு விளக்கொளியிலும் ரேடியோவிலும் போயின. பிரிட்டிஷ் க்ரூசர் எக்ஸெட்டர் அடிபட்டுத் திரும்பியபோது பின்னால் வந்தவர்கள் அதை உத்தரவு என்று நினைத்துத் திரும்பினார்கள், அணி குலைந்தது. க்ரூசர்களின் தேடுதல் விமானங்களை, இரவுச் சண்டைதான் வரும் என்று எதிர்பார்த்து, கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஜப்பானியர்களுக்கோ மேலே விமானம் இருந்தது.

ஆட்டத்தில் இதைக் கொண்டுவர டோர்மனின் திறமைப் புள்ளியைக் குறைக்காதீர்கள். அது அநியாயம், பலனும் தராது. தலைமைப் புள்ளி குறைந்தால் ஏஐ அவரைச் சண்டைக்கே அனுப்பாது. ஆக்ரோஷத்தை உயரமாகவே வையுங்கள். அணியில் இரண்டு நாட்டுக்கு மேல் சேரும்போது ஒருங்கிணைப்பைக் குறைக்கும் விதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 1942 மார்ச் வரை நேச நாட்டுக் கப்பல்களின் இரவு அனுபவப் புள்ளியைப் பகல் புள்ளியைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது, கப்பல்களின் அன்றைய நிலை. அமெரிக்க க்ரூசர் ஹூஸ்டனின் பின் பீரங்கிக் கோபுரம் பிப்ரவரி 4 குண்டுவீச்சிலிருந்து வேலை செய்யவில்லை. ஒன்பது பீரங்கியில் ஆறுதான். டச்சு நாசகாரி கோர்ட்டெநார் கொதிகலன் கோளாறால் முழு வேகம் எடுக்க முடியாமல் வந்தது. டிசம்பரில் தொடங்கும் சினாரியோவில் இவற்றைக் கையால் எழுத வேண்டாம். ஆட்டம் தானாகத் தேய்மானத்தை ஏற்ற வேண்டும். ஏற்றவில்லையா? அப்படியென்றால் உங்கள் கோளாறு சண்டையில் இல்லை, பழுதுபார்ப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே தனியாக ஒரு அறிகுறி வருகிறது.

நான்காவது, டார்பிடோவின் பகல்–இரவு வித்தியாசம். பகலில் ஜப்பானியர்கள் தொலைவிலிருந்து பெரிய எண்ணிக்கையில் டார்பிடோ விட்டார்கள். விழுந்தது கோர்ட்டெநார் ஒன்றுதான். தொலைதூரப் பீரங்கிச் சண்டையும் நெடுநேரம் இழுத்து, சுட்ட குண்டுக்கு ஈடாக ஒன்றும் நடக்கவில்லை. இரவில் நாச்சியும் ஹகுரோவும் பன்னிரண்டு டார்பிடோ விட்டன. ஜாவா பின்பக்கம் பிளந்து போனது, டி ராய்ட்டர் எரிந்து மூழ்கியது, டோர்மனும் அதோடு போனார். ஆகவே சண்டையைத் தனியாக ஓடவிட்டுச் சோதிக்கும்போது பகலில் க்ரூசர்கள் செத்தால் டார்பிடோ துல்லியம் அதிகம். இரவிலும் தப்பித்தால் குறைவு. எண்களை இந்த இரண்டுக்கும் நடுவே நகர்த்துங்கள்.

விமான எதிர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டி ராய்ட்டரில் 40 மி.மீ. போஃபர்ஸ் இரட்டைப் பீரங்கி ஐந்து, ஹாசமேயர் குறிவைப்புக் கருவியோடு. அந்தக் காலத்தில் அது முதல் தரம். அதனால் குண்டுவீச்சைத் தாங்கும் திறனை அமெரிக்கத் தரத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். ஐந்தும் பின்பக்க மேல்தளத்தில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. முன்பக்கம் குருடு, ஒரே குண்டில் எல்லாம் போகலாம், உயரமாகப் பறப்பவற்றைத் தொடக் கனரக விமான எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை. பின் கோணத்துக்கு மட்டும் நல்ல மதிப்பு கொடுங்கள்.

அறிகுறி: நீர்மூழ்கிகள் ஒன்றையும் மூழ்கடிப்பதில்லை, அல்லது எல்லாவற்றையும் மூழ்கடிக்கின்றன

ஒன்றையும் மூழ்கடிக்காவிட்டால் டார்பிடோவின் 'வெடிக்காமல் போகும் விகிதம்' என்ன என்று பாருங்கள். அமெரிக்க நீர்மூழ்கியை நகலெடுத்தபோது மார்க் 14 டார்பிடோவும் சேர்ந்தே வந்திருக்கும். அது 1943 பிற்பகுதி வரை அமெரிக்கர்களுக்கே தலைவலி: சொன்ன ஆழத்தைவிடக் கீழே ஓடும், வெடிக்கும் அமைப்பும் கோளாறு. டச்சு டார்பிடோக்களுக்கு அந்த வியாதி இல்லை. தனி ஆயுதமாக உருவாக்கி, தோல்வி விகிதத்தைப் பிரிட்டிஷ் டார்பிடோ அளவில் வையுங்கள். கே-7 முதல் கே-10 வரையிலான பழைய படகுகளுக்கு 450 மி.மீ. டார்பிடோதான், கே-11 வகையில் இரண்டு அளவும் கலந்திருக்கும், கே-14-இலிருந்து முழுக்க 533 மி.மீ. ஓ-19, ஓ-20 இரண்டும் கண்ணி (கடலில் இட்டுவைக்கும் வெடிகுண்டு) இடவும் கூடியவை, தலா நாற்பது. அந்தத் திறனைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் மூழ்கடித்தால் வேறு கோளாறு. டிசம்பரில் அங்கே இருந்தவை மொத்தம் பதினைந்து நீர்மூழ்கிகள். அங்கிருந்த டச்சுக் கடற்படையின் தளபதி அட்மிரல் ஹெல்ஃப்ரிக் அவற்றைத் தரையிறக்கம் நடக்கும் ஆழமில்லாத கரைகளுக்கே நேராக அனுப்பினார். பலன் உடனே கிடைத்தது, விலையும் உடனே கேட்டது. போர்னியோவின் கூச்சிங் கடலோரத்தில் டிசம்பர் 23 இரவு கே-14 படைக்கப்பல்களைத் தாக்கியது. மறுநாள் கே-16 சகிரி என்ற நாசகாரியை மூழ்கடித்தது. அதற்கு மறுநாள் கே-16-ஐ ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது, ஒருவரும் தப்பவில்லை. ஓ-20-ஐ உரனமி நாசகாரி பிடித்தது. ஓ-16, கே-17 இரண்டும் மலேயாவின் கிழக்குக் கரைக்கப்பால் ஜப்பானியக் கண்ணிகளில் போயின. டிசம்பர் முடிவதற்குள் நான்கு.

உங்கள் ஓட்டத்தில் டிசம்பர் முடிவில் ஒரு டச்சு நீர்மூழ்கி கூடப் போகவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். மலேயாவுக்குக் கிழக்கே தியோமன் தீவுப் பக்கம் ஜப்பானியக் கண்ணி வயல் போட்டிருக்கிறீர்களா? ஆழமில்லாத கட்டத்தில் நீர்மூழ்கி பிடிபடும் வாய்ப்பு கூடுகிறதா? முதல் வாரங்களில் பாதிப் படகுகள் பிரிட்டிஷ் கட்டளையில் மலேயாப் பக்கம் போனதை சினாரியோ காட்டுகிறதா? எல்லாவற்றையும் ஜாவாவைச் சுற்றிக் காவல் வைத்தால் அவை சாகாது, கொல்லவும் கொல்லாது.

தளபதிகளின் ஆக்ரோஷம், சரி, உயரமாக இருக்கட்டும். அதோடு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இயந்திரக் கோளாறு ஏறும் வேகத்தைப் பழைய கே வகைகளுக்குக் கூட்டுங்கள். மார்ச் 2 அன்று சுரபாயாவில் டச்சுக்காரர்களே மூழ்கடித்த கே-10, கே-13, கே-18 மூன்றும் கடலுக்குப் போகும் நிலையில் இல்லாதவை. கே-7 அதற்கு முன்பே அதே துறைமுகத்தில் குண்டுக்கு இரையானது.

அறிகுறி: அடிபட்ட கப்பல் இரண்டே வாரத்தில் திரும்பி வருகிறது

இங்கேதான் சினாரியோ கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இருக்கிறது, ஆனால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுரபாயா ஒன்றுதான் முழுமையான கடற்படைத் தளம். ஜாவாவின் வடகரையில், ஜப்பானிய விமானங்களுக்கு எட்டும் தூரத்தில். பிப்ரவரி 3 முதல் அங்கே குண்டு விழத் தொடங்கிவிட்டது. தென்கரையில் உருப்படியான துறைமுகம் சிலாசாப் மட்டும். நுழைவாயில் குறுகல், சுற்றித் திரும்பவும் இடம் போதாது.

அமெரிக்க க்ரூசர் மார்பிள்ஹெட் பிப்ரவரி 4 அன்று குண்டடிபட்டு சிலாசாப்புக்கு வந்தது. அங்கிருந்த மிதக்கும் உலர்துறையில் கப்பல் முழுசாக ஏறவில்லை. முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஓட்டையை அடைத்தார்கள். திருப்புச் சுக்கான் பழுதோடேயே, இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டித் திசை பிடித்துத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் சரிசெய்ய முடியாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அமெரிக்க நாசகாரி ஸ்டூவர்ட் சுரபாயாவின் மிதக்கும் உலர்துறையில் ஏற்றப்பட்டபோது முட்டுக்கொடுத்தது சரியில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. அதைக் கைவிட்டுவிட்டார்கள், ஜப்பானியர்கள் பின்னால் அதைத் தூக்கித் தங்கள் காவல் படகாக ஓட்டினார்கள்.

திருத்தம்: சுரபாயாவின் பழுதுபார்க்கும் மதிப்பை டிசம்பரில் முழுசாக வைத்து, துறைமுகச் சேதத்தோடு சேர்ந்து அது இறங்கும்படி கட்டுங்கள். சிலாசாப்புக்குச் சிறிய நாசகாரி அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள். பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அதையும்விடக் குறைவு. பெரிய அடி வாங்கிய கப்பல் கொழும்புக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயாக வேண்டும் என்ற நிலை ஆட்டக்காரருக்கு வர வேண்டும். டிராம்ப் அப்படித்தான் பாலிக்கு அருகே படுங் ஜலசந்தியில் அடிபட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பிழைத்தது. சுமத்ரா க்ரூசரைத் தொடக்கத்திலேயே பாதி பழுதில் வையுங்கள். அது சிலோனுக்குப் போய், பிறகு ஐரோப்பா போய், 1944-இல் நார்மண்டிக் கரையில் அலைதடுப்புக்காக மூழ்கடிக்கப்பட்டது. பசிபிக்கில் அதை வைத்துச் சண்டை போடுகிற சினாரியோ ஏதோ ஒரு இடத்தில் பொய் சொல்கிறது.

கைப்பற்றும் விதி இருந்தால் சுரபாயாவில் மூழ்கடித்த பான்கெர்ட் நாசகாரியையும் அதில் சேருங்கள்; ஜப்பானியர்கள் அதையும் தூக்கினார்கள்.

அறிகுறி: டச்சுக் கண்ணிகள் நேச நாட்டுக் கப்பலைத் தொடவே மாட்டேன் என்கின்றன

பெரும்பாலான ஆட்டங்களில் சொந்தப் பக்கக் கண்ணி சொந்தக் கப்பலை ஒன்றும் செய்யாது. வசதிதான், ஆனால் பிப்ரவரி 27 அன்று அப்படி நடக்கவில்லை. ஹவுடன் லேயூ என்ற டச்சுக் கண்ணிக்கப்பல் அன்றுதான் துபான் கரையோரம் ஒரு வயல் போட்டது. அன்று இரவே டோர்மனின் அணி அந்தப் பக்கம் போனது. பிரிட்டிஷ் நாசகாரி ஜூப்பிட்டர் வெடித்தது. டார்பிடோ என்றுதான் அப்போது நினைத்தார்கள்.

என்ஜின் அனுமதித்தால் வேறு நாட்டுக் கொடிக் கப்பலுக்கு ஒரு சிறு வாய்ப்பு வையுங்கள், அதுவும் வயல் போட்ட முதல் சில நாட்களுக்கு மட்டும். அனுமதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இதற்காக நடுநிலைக் கண்ணி வயல் போட்டு ஏமாற்று வேலை செய்தால் ஜப்பானிய ஏஐ அதில் போய்ச் செத்து வேறு தலைவலி வரும்.

அறிகுறி: டச்சு விமானங்கள் மார்ச்சிலும் முழு எண்ணிக்கையில் பறக்கின்றன

மாற்றுக் கையிருப்பு ஃபீல்டில் மாதத்துக்கு ஏதோ ஒரு எண் இருக்கும். அதைப் பூச்சியமாக்குங்கள். மார்ட்டின் குண்டுவீச்சு விமானங்கள், ப்ரூஸ்டர் பஃபலோ, கர்ட்டிஸ் ஹாக், இருபத்துநான்கே வந்த சிடபிள்யூ-21, எல்லாமே வந்தவரை வந்தவை. சிடபிள்யூ-21 மேலே ஏறுவதில் வேகம். விமானிக்குக் கவசம் இல்லை, எரிபொருள் தொட்டிக்குப் பாதுகாப்பும் இல்லை. ஏறும் வேகத்தை உயரமாகவும் உறுதியை அடிமட்டத்திலும் வைத்தால் அது சரியாகவே நடந்துகொள்ளும்.

அமெரிக்கப் போர் விமானமான பி-40 தனியாகப் பார்க்க வேண்டியது. முப்பத்திரண்டு பி-40 ஏற்றிவந்த அமெரிக்கக் கப்பல் லாங்லி பிப்ரவரி 27 அன்று சிலாசாப்புக்குத் தெற்கே மூழ்கியது. சீ விட்ச் என்ற சரக்குக் கப்பல் இருபத்தேழைப் பெட்டியோடு சிலாசாப்பில் இறக்கியது. பூட்டிப் பறக்கவிட நேரம் கிடைக்கவில்லை. இவற்றைக் கையிருப்பில் சேர்க்காமல் சரக்காக அனுப்புங்கள். ஆட்டக்காரர் இரண்டு வாரம் முன்னதாகக் கொண்டுவந்தால் அது அவர் சாமர்த்தியம்.

தேடுதல் விமானத்தில் எதிர்மாறான பிழை வரும்: கடற்படையின் டோர்னியர் 24, கட்டலீனா விமானங்களை ஒரே பெரிய படைப்பிரிவாகச் சுரபாயாவில் வைத்துவிடுகிறார்கள், ஜப்பானியக் கப்பல் அணி பாலிக்பாப்பன் வரும்வரை யாருக்கும் தெரியாது. அவை மூன்று மூன்றாகப் பிரிந்து, துணைக்கப்பலோடு, தீவுக்கூட்டம் முழுக்கச் சிதறி இயங்கியவை. மூன்று விமானக் குழுக்களாக உடைத்து தாரகன், தெர்னாட்டே, அம்போன், பொந்தியானா போன்ற இடங்களில் வையுங்கள். டோர்னியர் ஜெர்மன் வடிவமைப்பு என்பதால் அதன் உதிரிபாகமும் பூச்சியம்தான். ஆனால் பல்லில்லாத விமானமல்ல: டிசம்பர் 17 அன்று போர்னியோவின் மிரிக்கு அப்பால் ஷினோனோமே நாசகாரியை மூழ்கடித்தது ஒரு டோர்னியர்தான்.

சமரிண்டா-2 போன்ற காட்டுக்குள் மறைந்த விமானத்தளங்களை ஜப்பானியத் தேடுதலுக்கு முதல் சில வாரம் தெரியாதபடி வைக்க முடிந்தால் வையுங்கள். பலெம்பாங்-2-உம் அந்த ரகம்.

அறிகுறி: ஜாவாவில் தரைப்படை ஜப்பானியரைக் கடலில் தள்ளுகிறது

கே.என்.ஐ.எல் எனும் குடியேற்றப் படையில் மொத்தம் சுமார் 85,000 பேர் என்று படித்துவிட்டு, அதை அப்படியே டிவிஷன்களாக வகுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். அந்த எண்ணிக்கையில் ஊர்க்காவலும் அவசரமாகச் சேர்த்த ஆட்களும் அடக்கம். படை பரந்த தீவுகளில் காவல் பட்டாளங்களாகச் சிதறிக் கிடந்தது. உள்நாட்டு அடக்குமுறைக்குப் பழக்கப்பட்ட அமைப்பு. பீரங்கி, வாகனம், விமான எதிர்ப்பு எல்லாமே பற்றாக்குறை. சிப்பாய்களில் பெரும்பகுதி ஜாவானியர், மெனாடோக்காரர், அம்போனியர், சுண்டானியர்; அதிகாரிகளில் பெரும்பகுதி ஐரோப்பியர். உள்ளூர் மக்களைப் பெரிய அளவில் படையில் சேர்க்க ஆட்சி கடைசி வரை தயங்கியது. ஆகவே மாற்று ஆள் எண்ணிக்கையும் பூச்சியத்துக்குப் பக்கம்.

எல்லாப் பிரிவுக்கும் ஒரே அனுபவப் புள்ளி போடாதீர்கள். முறையான பட்டாளத்துக்கு நடுத்தரம், ஊர்க்காவலுக்கு அடிமட்டம். முக்கியமாக, டிவிஷன் என்ற பெயரை நம்பாதீர்கள். ஜாவாவிலிருந்த டச்சு டிவிஷனில் இரண்டு ரெஜிமென்ட்தான் இருக்கும், அதற்கும் குறைவாகவும் இருக்கும். ரெஜிமென்ட்களாகவே உள்ளிடுங்கள்.

சோதனைக்கு ஒரு நல்ல இடம் சுபாங். மார்ச் 1 அன்று எரெத்தான் வெத்தானில் இறங்கிய ஜப்பானின் ஷோஜி பிரிவு அதே நாளில் களிஜாத்தி விமானத்தளத்தைப் பிடித்தது. மறுநாள் டச்சு இலகு டாங்கிகள் சுபாங் ஊருக்குள் புகுந்து தாக்கின. காலாட்படை பின்னால் வந்து சேர முடியவில்லை. டாங்கிகள் திரும்ப வேண்டியதாயிற்று. உங்கள் ஆட்டத்தில் இந்த எதிர்த்தாக்குதல் சில நேரம் நெருக்கத்தில் வந்து தோற்க வேண்டும். எப்போதும் ஜெயித்தாலும் தப்பு, நடக்கவே இல்லை என்றாலும் தப்பு.

தாரகனில் கடலோரப் பீரங்கியை மறந்துவிடாதீர்கள். தீவு சரணடைந்த செய்தி போய்ச் சேராத ஒரு பீரங்கித் தளம் ஜப்பானியக் கண்ணிவாரிகள் இரண்டை மூழ்கடித்தது. பிடிபட்ட பின் அந்தப் பீரங்கி வீரர்களை ஜப்பானியர்கள் கொன்றுவிட்டார்கள்.

அறிகுறி: ஜப்பானுக்கு எண்ணெய் முழுசாகக் கிடைக்கிறது, அல்லது துளி கூடக் கிடைப்பதில்லை

எண்ணெய்க்கிணறு, சுத்திகரிப்பு ஆலை இரண்டுக்கும் ஒரே அழிப்பு விகிதம் போட்டிருப்பீர்கள். இடத்துக்கு இடம் மாற்றுங்கள். தாரகனிலும் பாலிக்பாப்பனிலும் டச்சுக்காரர்களுக்கு அவகாசம் இருந்தது, நன்றாகவே நாசம் செய்தார்கள். பலெம்பாங்கில் ஜப்பானியர்கள் வானத்திலிருந்து பாராசூட்டில் குதித்ததால் பிளாஜு ஆலையை முழுசாக அழிக்க முடியவில்லை; பக்கத்திலிருந்த சுங்கை கெரோங் ஆலைக்கு அதைவிடப் பெரிய சேதம். பாராசூட்டில் பிடித்தால் அழிப்பு பாதியாகும் என்று ஒரு நிபந்தனை வைத்தால் போதும்.

அறிகுறி: 1942 மார்ச்சுக்குப் பிறகு டச்சுக் கொடியே இல்லை

ஜாவா விழுந்ததும் நாட்டையே நீக்கிவிடும் நிகழ்வு சில வார்ப்புகளில் ஒளிந்திருக்கும். அதைத் தூக்குங்கள். ஹெல்ஃப்ரிக் சிலோனுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். டச்சு விமானிகளின் 321-ஆம் படைப்பிரிவு 1942 ஆகஸ்டில் திருகோணமலையின் சீனன்குடாவில் கட்டலீனாக்களோடு மறுபடி எழுந்தது. ஆஸ்திரேலியாவில் 18-ஆம் படைப்பிரிவு பி-25 விமானங்களோடு 1942 ஏப்ரலில், 120-ஆம் படைப்பிரிவு பி-40 விமானங்களோடு 1943 டிசம்பரில். 18-இல் விமானிகள் டச்சுக்காரர்கள், மற்றவர்களில் ஆஸ்திரேலியர்கள் நிறைய. ஆள் கையிருப்பை ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து இழுக்கும்படி வையுங்கள். புது டச்சு விமானிகள் அமெரிக்காவின் ஜாக்சனில் பயிற்சி முடித்துத்தான் வந்தார்கள், அதனால் வரத்து மெதுவாக இருக்கட்டும்.

கப்பலில் டிராம்ப், ஹேம்ஸ்கெர்க் என்ற க்ரூசர்கள், என் (N) வகை நாசகாரிகள் இரண்டு. டிராம்ப் 1944 ஜூலையில் சுமத்ராவை ஒட்டிய சபாங் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டது. இதை ஆட்டத்தில் செய்யவிடாத அளவுக்கு அதைப் பலவீனமாக வைத்திருந்தால் திருத்துங்கள். நீர்மூழ்கியில் ஸ்வார்ட்விஷ் என்பது பிரிட்டிஷ் டி (T) வகை. அது 1944 அக்டோபரில் ஜாவாக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியையும் பிறகு ஜப்பானியக் கண்ணிக்கப்பல் இட்சுகுஷிமாவையும் மூழ்கடித்தது. அதற்குப் பிரிட்டிஷ் டார்பிடோவைத்தான் ஒட்ட வேண்டும்.

கடைசியாக கே.பி.எம் என்ற டச்சுக் கப்பல் நிறுவனத்தின் சரக்குக் கப்பல்கள். தீவுகளுக்கிடையே ஓடிய சின்னக் கப்பல்கள், பவளப்பாறைக் கடலில் பழகிய மாலுமிகள். 1942 டிசம்பரில் கார்சிக் என்ற கப்பல் நியூ கினியின் ஓரோ விரிகுடாவில் டாங்கிகளை இறக்கியது. அங்கே நடந்த பூனா சண்டைக்குச் சரக்கு போனது இந்த மாதிரிக் கப்பல்களில்தான். சினாரியோவில் இவை ஜாவாவைத் தாய்த்துறையாக வைத்திருந்தால் ஜாவா விழும்போது கூடவே மறைந்துவிடும். ஒவ்வொன்றின் தாய்த்துறை ஃபீல்டையும் திறந்து, பிப்ரவரிக் கடைசியில் ஜாவாவில் இல்லாதவற்றுக்கு அது ஆஸ்திரேலியத் துறைமுகமாக மாறும்படி ஒரு நிகழ்வு எழுதிவிடுங்கள். பிறகு மே மாதம் வரை ஓடவிட்டு, சிட்னியில் டச்சுக் கொடியோடு சரக்குக் கப்பல்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள்.